எலிக்கும் யானைக்கும் எங்க வீட்டுக்காரருக்கும்

கணக்கு டீச்சருக்கே கணக்குப் பிடிபடாமல் போனால் எப்படியிருக்கும்? எனக்கு அது நடந்தது. கொட்டாரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹைஸ்கூலில் வருஷக்கணக்காகக் கணக்கு எடுக்கிறேன். "ஒரு கணக்குக்கு ஒரு விடைதான் மக்கா, ரெண்டு விடை வருதுன்னா நீ எங்கியோ தூங்கியிருக்க" என்று சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டிப்போனவள். அப்பேர்ப்பட்ட என்னை ஒரு சுண்டெலி வந்து குப்புறத் தள்ளிவிட்டது. அதுவும் நேரில் வந்த எலி இல்லை. ஃபோனில் வந்த எலி.

என் வீட்டுக்காரர் அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். ரிட்டயர் ஆன மறுவருஷமே நெஞ்சுவலி. நாகர்கோவிலில் கொண்டுபோய்ச் சேர்த்து, குழாயில் அடைப்பு என்று ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். அனுப்பும்போது டாக்டர் என்னைப் பார்த்துத்தான் பேசினார். மாத்திரை தவறக் கூடாது, தினமும் நடக்க வேண்டும். "நடக்காம உக்காந்தே இருந்தார்னா மறுபடி அடைக்கும்மா. அடுத்த தடவை இங்க கொண்டுவர நேரம் கிடைக்குமான்னு சொல்ல முடியாது." அன்றையிலிருந்து அவர் நடக்கிறாரா இல்லையா என்பதுதான் என் வீட்டில் ஒரே விஷயம்.

முதலில் ஒழுங்காகத்தான் நடந்தார். விடிந்ததும் ஷூ மாட்டிக்கொண்டு வயல்காட்டு ரோட்டில் குளத்தங்கரை வரைக்கும் போவார். திரும்பி வரும்போது யாரோடாவது வாய் கொடுத்து, பால்காரரோடு அரசியல் பேசிச் சண்டை பிடித்து, முகம் சிவக்க வந்து நிற்பார். நான் சாயா போட்டு வைத்திருப்பேன். மனசுக்குள் ஒரு நிம்மதி. திடீரென்று ஒருநாள் ஆள் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை.

"நடக்கப் போவலியா?"

"இல்ல."

"காலு வலிக்கா? நெஞ்சு ஒண்ணும் செய்யலியே?"

"ஒண்ணும் இல்லட்டி. நடையை நிறுத்தியாச்சு." மேலே பேச மனமில்லாதவர் மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார். பிறகு தலையணைக்கு அடியில் இருந்து ஃபோனை எடுத்து நீட்டினார். "இத பாரு. பாத்துட்டுப் பேசு."

வீடியோவில் ஒரு ஆள் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு எலியைப் பற்றியும் யானையைப் பற்றியும் பேசினான். நான் அடுப்பில் இட்லியை வைத்துவிட்டு நின்றுகொண்டே கேட்டேன். கேட்டது பாதி, கேட்காதது பாதி. மீதியை இவரே எனக்கு விளக்கினார்.

"எலிக்க நெஞ்சு நிமிஷத்துக்கு அறுநூறு தடவை அடிக்கும். ரெண்டு வருஷம், கூடிப்போனா மூணு வருஷம், தீந்தது. யானைக்கு முப்பது தடவதான். அது அறுபது எழுபது வருஷம் இருக்கும். ஆனா மொத்தமாக் கூட்டிப் பாத்தா ரெண்டும் அடிச்சது ஏறத்தாழ ஒண்ணுதான், கேட்டியா? எலியோ பூனையோ திமிங்கலமோ, எல்லாத்துக்கும் ஒரே அளவு தந்து விட்டிருக்கு. வேகமா அடிச்சா வேகமாப் போகும். நான் தெனமும் குளத்தங்கரைக்கு நடந்து நடந்து இருக்கதையும் செலவாக்கணுமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். ஆள் சிரிக்கவில்லை.

இதைப் புரிந்துகொள்ள இவர் எப்படி வண்டி ஓட்டினார் என்று தெரிய வேண்டும். மலையோரம் பேச்சிப்பாறைப் பக்கம், தக்கலைப் பக்கம் எல்லாம் ஏற்றமும் இறக்கமுமான ரோடு. ஏற்றத்தில் மிதிக்கிற டீசலை இறக்கத்தில் மிச்சம் பிடிப்பது இவருடைய கலை. இறக்கம் வந்ததும் கியரை நியூட்ரலில் தட்டிவிட்டு வண்டியை அதன் பாட்டுக்கு உருளவிடுவார். அப்படிச் செய்யக் கூடாது என்று சட்டம். ஆனால் டீசல் மிச்சம் பிடித்ததற்காக டிப்போவில் மேடையில் ஏற்றி, மாலை போட்டு, ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள். எப்படி மிச்சம் ஆனது என்று மேடையில் யாரும் கேட்கவில்லை. அந்த மனுஷனிடம் போய், உனக்கு டேங்க் நிறைய ஒரே ஒரு தடவைதான் ஊற்றித் தந்திருக்கு என்று ஒருத்தன் ஃபோனில் சொன்னால் என்ன செய்வார்? நியூட்ரலில்தானே தட்டுவார்.

தட்டிவிட்டார். நடை நின்றது. கடைக்குப் போவது நின்றது. கிரிக்கெட் பார்ப்பதை விட்டார், கடைசி ஓவரில் நெஞ்சு அடித்துக்கொள்கிறதாம். பால்காரர் வாசலில் நின்று வம்புக்கு இழுத்தாலும் கையைக் காட்டி அனுப்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லாரும் எழுந்து நின்று பாடும்போது இவர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து உதட்டை அசைத்தார். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஆராதனை முடிந்ததும் ஐயர் வந்து, "உடம்புக்கு முடியலியா?" என்று இவர் தோளில் கை வைத்துக் கேட்டார். "முடியும் ஐயரே. மிச்சம் பிடிக்கேன்" என்றார் இவர். ஐயர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

எல்லாவற்றையும்விட ஒன்று எனக்குப் பயமாக இருந்தது. என்னோடு சண்டை போடுவதை நிறுத்திவிட்டார். மீன்குழம்பில் உப்பை அள்ளிப் போட்டுப் பார்த்தேன். பேசாமல் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வீட்டில் அப்படி ஒரு அமைதி இருந்ததே இல்லை. அன்றைக்கு நான் அடுக்களையில் நின்று அழுதேன்.

அழுது என்ன பிரயோஜனம்? கணக்கு டீச்சர் இல்லையா, கணக்காலேயே இதை உடைக்கலாம் என்று உட்கார்ந்தேன். பிள்ளைகளின் பாடப்புத்தகம், ஃபோன், எங்கே எது கிடைக்கிறதோ அதெல்லாம் படித்தேன். தொடக்கம் சுலபமாகத்தான் இருந்தது. எட்டாம் வகுப்புப் பாடம். ஒரு கனசதுரத்தின் பக்கத்தை ரெண்டு மடங்காக்கினால் மேல்பரப்பு நாலு மடங்கு ஆகும், உள்ளே கொள்வது எட்டு மடங்கு ஆகும். உடம்பு பெரிதாகப் பெரிதாகச் சதை கூடுகிற அளவுக்குத் தோல் கூடாது. சூடு வெளியே போவது தோல் வழியாக. அப்படியானால் சின்ன உடம்பு சீக்கிரம் ஆறும், பெரிய உடம்பு மெதுவாக ஆறும்.

இது எனக்குக் கண்ணால் கண்ட விஷயம். எங்கள் சபையில் வருஷத்துக்கு ஒரு தடவை அசனம் உண்டு, எல்லாரும் கூடி உட்கார்ந்து சாப்பிடுகிற சாப்பாடு. அண்டாவில் இருக்கிற சாம்பார் சாயங்காலம் வரைக்கும் கொதிக்கக் கொதிக்கக் கிடக்கும். அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து இலையில் ஊற்றினால் பிசைவதற்குள் ஆறிவிடும். சுண்டெலி அந்த ஒரு கரண்டி, யானை அந்த அண்டா. ஆறிப்போகாமல் இருக்க எலி எரித்துக்கொண்டே இருக்க வேண்டும், எரிக்கத் தின்றுகொண்டே இருக்க வேண்டும். முன்பு ஒருநாள் எங்கள் எலிப்பொறியில் ஒரு மூஞ்சூறு மாட்டியது. வெயில் தாழ்ந்ததும் கொண்டுபோய் வெளியே விடலாம் என்று வைத்திருந்தேன். அதற்குள் ஒரு காயமும் இல்லாமல் செத்துக் கிடந்தது. பயத்தில் செத்தது என்று நினைத்தேன். பசியாகத்தான் இருந்திருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது, பாவம்.

இதுவரை சரி. அடுத்த படியில்தான் என் மண்டை குழம்பியது. தோல் கணக்குப்படி பார்த்தால் எடை கூடுவதற்கும் தீனி கூடுவதற்கும் உள்ள அடுக்கு, அதாவது பவர், மூன்றில் ரெண்டு என்று வர வேண்டும். ஆனால் எலியிலிருந்து யானை வரை அளந்து பார்த்தவர்களுக்கு முக்காலுக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. ஏன் முக்கால்? ரத்தக்குழாய் மரக்கிளை மாதிரிப் பிரிந்து பிரிந்து போவதால் என்கிறார் ஒருத்தர். அதெல்லாம் இல்லை என்கிறார் இன்னொருத்தர். முக்காலே தப்பு, மூன்றில் ரெண்டுதான் சரி, அளந்ததில் கோளாறு என்கிறார் மூன்றாவது ஆள். எல்லாரும் பெரிய படிப்புப் படித்தவர்கள். அட சவமே, உங்களுக்குள்ளேயே ஒரு விடை இல்லையா? என் கிளாஸ் பிள்ளைகள் இப்படி எழுதினால் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்துவேன்.

சரி, முக்கால் என்றே வைத்துக்கொள்வோம் என்று காலண்டர் தாளின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். இவர் பின்னாலேயே வந்து நின்றார்.

"என்ன கணக்குட்டி?"

"உங்க எலிக் கணக்குதான். பேச்சுக்கு ஒரு எருமை, ஒரு சுண்டெலியப் போல பத்தாயிரம் மடங்கு எடைன்னு வையுங்க. அது பத்தாயிரம் மடங்கு தின்னாது. ஆயிரம் மடங்குதான் தின்னும், நாலு சைபருக்கு மூணு சைபர், அதான் முக்கால். எலி எரிக்க வேகத்துல எருமை எரிச்சா உள்ளுக்குள்ளேயே வெந்து போகும்."

"நெஞ்சடிப்பு?"

"கிலோவுக்குக் கிலோ பாத்தா தீனி பத்துல ஒண்ணு, அதேபோல நெஞ்சடிப்பும் எலிக்குள்ளதுல பத்துல ஒண்ணு."

"ஆயுசு?"

"பத்து மடங்கு." சொல்லும்போதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது, வாயை மூட நேரமில்லை.

"பெருக்கு."

பெருக்கினேன். பத்தில் ஒன்றைப் பத்தால் பெருக்கினால் ஒன்று. எலிக்கும் எருமைக்கும் ஒரே துடிப்பு. நான் போட்ட கணக்கு, என் கையெழுத்து, என் வாயாலேயே சொல்லியாயிற்று. இவர் மெதுவாக, கட்டிலைப் பார்த்து நடந்து போனார். தோற்றுப்போனேன் என்பதுகூடப் பரவாயில்லை. இவர் சொல்வது உண்மையாக இருக்குமோ என்ற சந்தேகம் அன்றைக்குத்தான் எனக்குள் புகுந்தது.

விடுவேனா? மறுபடியும் படித்தேன். மனுஷன் மட்டும் அந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை, அவன் நெஞ்சு மற்ற மிருகங்களுக்குக் கிடைக்கிற துடிப்பைப் போல ரெண்டு மடங்கும் அதற்கு மேலும் அடிக்கிறது என்று இருந்தது. ஓடி வந்து சொன்னேன். "அது போனஸ். அதையும் மிச்சம் பிடிக்கணும்" என்றார். இன்னொரு கணக்கும் போட்டேன். நடக்கிற நேரத்துக்கு நெஞ்சு கூட அடிக்கும், ஆனால் நடந்து பழகின உடம்பில் மீதி நேரமெல்லாம் குறைவாக அடிக்கும், ஒரு நாளைக்கு மொத்தமாகக் கூட்டினால் நடப்பவனுக்குத்தான் மிச்சம். நல்ல கணக்கு அது, இப்போதும் சொல்லுவேன். அதற்கு இவர் மாத்திரை டப்பாவைத் திறந்து ஒரு சின்ன வெள்ளை மாத்திரையை எடுத்துக் காட்டினார். "இது எதுக்கு? நெஞ்சடிப்பைக் குறைக்க. டாக்டர் எழுதித் தந்தது. மெதுவா அடிச்சா நல்லதுன்னு அவருக்கே தெரியும். மாத்திரை குறைச்சுத் தருது, பின்ன நான் எதுக்கு நடந்து கூட்டணும்?"

குறைக்க மாத்திரை, கூட்ட நடை, ரெண்டும் ஒரே டாக்டர் எழுதியது. அடுத்த செக்கப்பில் அதையே டாக்டரிடம் கேட்டேன். எலி, யானை, எருமை, முக்கால் எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டேன். பின்னால் வரிசையில் ஆட்கள் கதவைத் திறந்து திறந்து எட்டிப் பார்க்கிறார்கள். டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில், அடுத்த கட்டிலை எனக்குப் போட்டுவிடலாமா என்கிற யோசனை தெரிந்தது. "அம்மா, யானையை விடுங்க. இவருக்கு எடை கூடியிருக்கு, சுகர் கூடியிருக்கு, ப்ரஷர் கூடியிருக்கு. நடக்கலேன்னு ரிப்போர்ட்டே சொல்லுது. இப்படியே போனா நான் பொறுப்பில்ல." வெளியே வந்து ஆட்டோவில் ஏறும்போது இவருக்கு மூச்சு வாங்கியது. ஆட்டோ நின்ற இடம் பத்தடி தூரம்கூட இல்லை.

அந்த சமயத்தில்தான் மகள் பிரசவத்துக்கு வந்தாள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, ஏழாம் மாசம் முடிந்து கூட்டிவந்தேன். வந்த அன்றைக்கே அப்பாவைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய், "அம்மா, என்னம்மா அப்பா இப்படி ஊதிப்போய்க் கெடக்கு?" என்று கேட்டாள். சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள். வயிற்றைத் தூக்கிக்கொண்டு நேரே அவர் கட்டிலில் போய் உட்கார்ந்தாள்.

"அப்பா, அது எலிக்கும் யானைக்கும் நடுவுல உள்ள கணக்கு. ஒரு எலிக்கும் அடுத்த எலிக்கும் நடுவுல இல்ல. சும்மா கெடக்க எலி ஓடுற எலியவிடக் கூட நாள் இருக்கும்னு அந்த வீடியோக்காரன் சொன்னானா?"

"சொல்லல."

"பின்ன?"

"சொல்லலேன்னா இல்லேன்னு அர்த்தமா மக்கா?" என்றார்.

மகள் சொன்னது சரிதான் என்று எனக்குப் பட்டது. ஒரு கூட்டத்தின் சராசரியை எடுத்து ஒரு ஆளின் தலையில் வைக்கக் கூடாது என்று நானே கிளாஸில் சொல்கிறவள். ஆனால் அந்த நேரத்தில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க எனக்குத் தெம்பில்லை. காலையில் மகள் சொல்வது சரியாகத் தெரியும், சாயங்காலம் இவர் சொல்வது சரியாகத் தெரியும். மாடிக்குத் துணி காயப்போட ஏறும்போது எனக்கே ஒரு நினைப்பு, அடடா, இது எத்தனை துடிப்போ என்று. கிறுக்கு தொத்துவியாதி என்று அப்போதுதான் தெரிந்தது.

மகளை மாசாந்தரச் செக்கப்புக்குக் கூட்டிப்போகும்போது ஒருநாள் இவரும் வந்தார். கோட்டாறு வழியாகப் போகிற ஆட்டோ நெரிசலில் நின்று நின்று ஊர்ந்தது, அது இவருக்கு நிம்மதியாக இருந்த மாதிரி இருந்தது. லேடி டாக்டர் ஒரு சின்னக் கருவியை வயிற்றில் வைத்து, "தாத்தாவும் கேக்கட்டும்" என்று சத்தத்தைக் கூட்டி வைத்தார். குடுகுடு குடுகுடுவென்று, யாரோ படியில் ஓடி இறங்குகிற மாதிரி ஒரு சத்தம். மகள் சிரித்தாள், எனக்குக் கண் நிறைந்தது. இவர் மட்டும் வெளிறிப்போய், "இது எவ்வளவும்மா?" என்று கேட்டார். "நூத்தம்பது கிட்ட. அருமையா இருக்கு" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து மகள் படுத்த பிறகு இவர் அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"ஏட்டி, வெளிய வரதுக்கு முந்தியே அது இவ்வளவு செலவாக்குதே."

எனக்கு வந்ததே கோபம். கையில் இருந்த கரண்டியை அப்படியே தொட்டியில் எறிந்தேன். "நீங்க கெடக்கது போதாதுன்னு பிறக்காத பிள்ளைக்கும் கணக்கு எழுதுதீங்களா? வெக்கமா இல்லியா? எலிப் பைத்தியம் பிடிச்சுப் போச்சு உங்களுக்கு!" என்று கத்தினேன். திருப்பிக் கத்துவார் என்று ஒரு நப்பாசை. கத்தவில்லை. அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"உனக்கு வெளங்காது," என்றார். "அன்னைக்கு ஆஸ்பத்திரியில எனக்க தலைமாட்டுல ஒரு மிஷின் வச்சிருந்தாங்க இல்லியா? டிக் டிக்குன்னு சத்தம் போட்டுட்டே இருக்கும். எனக்க நெஞ்சு அடிக்க சத்தம்னு நர்ஸ் சொல்லிச்சு. நான் ராத்திரி முழுக்க முழிச்சுக் கெடந்தேன். ஒண்ணு போச்சு, ஒண்ணு போச்சு, ஒண்ணு போச்சு. அவ்வளவுதான் எனக்குக் கேட்டது. வீட்டுக்கு வந்த பொறவும் கேக்குது. இப்பவும் கேக்குது. பயமா இருக்குட்டி."

இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் பயமாக இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. எலியும் யானையும் அப்புறம் வந்தவை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பக்கத்தில் போய் நின்றேன். தெரிந்த கணக்கெல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

பிள்ளை விஷயத்துக்காவது ஒரு பதில் கண்டுபிடிப்போம் என்று மறுபடி ஃபோனைத் தோண்டினேன். வயிற்றுக்குள் இருக்கிற வரைக்கும் குழந்தை தாயின் உடம்பில் ஒரு பாகம் மாதிரி, தாயின் கணக்கில்தான் எரிக்கும், பிறந்து வெளியே வந்த பிறகே அந்தச் சின்ன உடம்புக்கு உரிய வேகத்துக்கு ஏறும் என்று ஒரு இடத்தில் இருந்தது. அப்படியானால் நெஞ்சு மட்டும் ஏன் இப்போதே குடுகுடுவென்று ஓடுகிறது? அதற்கு வேறு காரணம் இருக்கும். எனக்கு விளங்கவில்லை. இதை இவரிடம் சொன்னால் வெளியே வந்த பிறகு இன்னும் கூடுமா என்று கேட்பார். ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

மகளுக்கு வலி எடுத்தது ஒரு மத்தியானம். மருமகன் பெங்களூரிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருக்கிறார். நாங்கள் ரெண்டு பேரும்தான் கூட. ஆஸ்பத்திரி மேல்மாடியில் ஒரு அறையில் படுக்கவைத்து, வயிற்றைச் சுற்றி பெல்ட் கட்டி, குழந்தையின் துடிப்பைக் கேட்கிற மிஷினை ஓடவிட்டுவிட்டு, "இன்னும் நேரம் இருக்கு, இப்ப வந்துருவேன்" என்று நர்ஸ் போனாள். அந்தச் சத்தம் அறை முழுக்க ஓடியது. இவர் கதவுப் பக்கம் நகர்ந்தார், வெளியே போய்விடலாம் என்றுதான். மகள் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, போகாதீங்க" என்றாள். தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தில் நின்றார். ஒவ்வொரு துடிப்புக்கும் அவர் கண் சிமிட்டுவதை நான் பார்த்தேன்.

ஒரு வலி வந்து போனது. அடுத்த வலி வந்தபோது சத்தம் மாறியது. குடுகுடுவென்று ஓடிக்கொண்டிருந்தது இடைவெளி விட ஆரம்பித்தது. தட், தட், தட் என்று தனித்தனியாகக் கேட்டது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எனக்கு நிம்மதியாக இருந்தது. மெதுவாகிவிட்டது, நல்லதுதானே என்று. இவர் ஓதி ஓதி எனக்கும் உள்ளே ஏறியிருந்தது. பிறகுதான் மிஷினில் நம்பர் இறங்கிக்கொண்டே போவது கண்ணில் பட்டது. வலி அடங்கியும் நம்பர் ஏறவில்லை.

தட். தட். இன்னும் கொஞ்சம் தள்ளி, தட்.

"அம்மா, என்னம்மா?" என்றாள் மகள். நான் பெல் சுவிட்சை அழுத்தினேன், அழுத்திக்கொண்டே இருந்தேன், ஒருத்தரும் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் இவர் அங்கே இல்லை. வராந்தாவில் செருப்புச் சத்தம் தடதடவென்று ஓடியது. அப்புறம் படியில் கேட்டது. "டாக்டர்! டாக்டரம்மா! எனக்க பிள்ளைக்கு மெதுவாகுது! ஓடி வாங்க!" டிப்போ முழுக்கக் கேட்கிற தொண்டை அது. கீழே இருந்து மேலே வரை அந்த ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது. எத்தனையோ மாசமாக அந்தத் தொண்டையை நான் கேட்கவில்லை.

முதலில் நர்ஸ் வந்தாள், பின்னாலேயே லேடி டாக்டர், அவர்களுக்குப் பின்னால் சட்டை பொத்தான் அறுந்து, வேர்த்து ஒழுகி, சுவரைப் பிடித்துக்கொண்டு இவர். மகளை இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்தார்கள், மூக்கில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். டாக்டர் வயிற்றில் கை வைத்தபடி மிஷினைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, மகளின் வயிற்றுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

"ஓடு மக்கா," என்றார். "ஓடு. வேகமா ஓடு. எனக்க செல்லம்லா, ஓடு மக்களே, ஓடு."

தட். தட். தட்தட். தட்தட்தட். ஏறியது. நம்பரும் மேலே ஏறியது. மறுபடி அந்தக் குடுகுடு வந்தது. டாக்டர் மூச்சை விட்டார். "வந்துருச்சு. சும்மா விட வேண்டாம், தியேட்டருக்குக் கொண்டுபோயி எடுத்துருவோம்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். கட்டிலோடு மகளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சத்தம் வராந்தாவோடு போய்த் தேய்ந்தது.

அறையில் நாங்கள் ரெண்டு பேர். இவரைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தேன். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. முகமெல்லாம் ரத்தச் சிவப்பு. வலிக்கா, இங்க வலிக்கா என்று கேட்டுக்கொண்டே சட்டைக்குள் கையை விட்டு நெஞ்சில் வைத்தேன். உள்ளே அது பாய்ந்து பாய்ந்து அடித்தது. என் கண் தன்னாலே என் கைக்கடிகாரத்துக்குப் போனது, முள்ளைப் பார்த்து எண்ண ஆரம்பித்தேன்.

இவர் கையை நீட்டி என் கடிகாரத்தைப் பொத்தினார்.

"எண்ணாதட்டி," என்றார். "அடிக்கட்டும்."